சிவ் 6: உட்கார்ந்தால் எழ முடியவில்லை, பாதியில் சலித்தும் போகிறது

கோட்டைவாசல்:
சிவிலைசேஷன் 6 (டர்ன் டர்னாக, அதாவது முறை முறையாக, ஒரு நாட்டை வளர்க்கும் கணினி ஆட்டம்) ஆடுபவர்களிடம் இரண்டு கேள்விகள். நான் ஆடுவது எம்பெரர் என்ற கடினமான நிலை, ஸ்டாண்டர்ட் வேகம். முதல் நூறு டர்ன் எனக்கு உயிர். பழைய தாள் போல மூடிக் கிடக்கும் வரைபடம் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கும். ஒரு மலை தெரியும், அப்புறம் ஆறு தெரியும், நகரம் நிறுவும் செட்லரை எங்கே இறக்குவது என்று யோசிப்பதிலேயே நள்ளிரவு தாண்டிவிடும். ஆனால் 150-வது டர்னுக்குப் பிறகு பத்து நகரங்களுக்கு வேலை ஒதுக்குவதும் நிலத்தைச் சீர்செய்யும் பில்டர்களை நகர்த்துவதுமாகவே போகிறது. புது ஆட்டம் தொடங்கத்தான் மனம் வருகிறது. கடைசி வரை கொண்டுபோகிறவர்கள் எப்படிச் செய்கிறீர்கள்? நினைத்த நேரத்தில் எப்படி எழுந்து போகிறீர்கள்?

மலையடி:
முதலில் எழுவது பற்றி. இந்த ஆட்டத்தில் எல்லாமே எண்ணோடு கண்முன் நிற்கிறது. வாரியர் 2 டர்னில் தயார், எழுத்து 3 டர்னில், நகரம் வளர 5 டர்ன். இவை எல்லாம் சேர்ந்தாற்போல முடிவதே இல்லை. ஒன்று முடியும்போது அடுத்தது ஒரே ஒரு டர்ன் தள்ளி நிற்கும். அதனால் 'இது முடிந்ததும் எழுகிறேன்' என்று சொல்லிக்கொள்வது வேலைக்காகாது. ஜெயித்த பிறகும் 'இன்னும் ஒரு டர்ன்' என்று ஒரு பொத்தானைக் காட்டுகிற ஆட்டம் இது!

ஆனால் என்னை உட்கார வைப்பது அந்த எண்களைவிடத் தலைக்குள் ஓடும் திட்டம்தான். அந்த மூன்று மலைகளுக்கு நடுவே கேம்பஸ் (அறிவியல் வளர்க்கும் பகுதி), ஆறு வளையும் இடத்தில் அடுத்த நகரம், வடக்கே பக்கத்து நாட்டுப் படை சேர்கிறது, வில்லாளிகளை அங்கே அனுப்ப வேண்டும். இப்போது மூடினால் நாளைக்கு இதெல்லாம் மறந்துவிடுமே என்ற பயம்தான் எழவிடாது. அதற்கு மேப் டேக் இருக்கிறது. வரைபடத்தில் எந்தக் கட்டத்திலும் குறி வைத்து, அதற்குப் பெயரும் எழுதலாம். 'வில்லாளிகள் இங்கே', 'கேம்பஸ், அவசரம்' என்று எழுதிவிட்டு சேமித்தால் மனம் நிம்மதியாக விட்டுவிடுகிறது. நேரத்தைக் கடிகாரம் தீர்மானிக்கட்டும், டர்ன் அல்ல.

பாதியில் வரும் சலிப்புக்கும் இதே குறிகள்தான் உதவுகின்றன. நகரம் நிறுவிய டர்னிலேயே அதன் டிஸ்ட்ரிக்ட் (கேம்பஸ் போன்ற சிறப்புப் பகுதி) எல்லாவற்றுக்கும் இடம் குறித்துவிடுங்கள். மக்கள்தொகை 1, 4, 7, 10 ஆகும்போதெல்லாம் ஒரு டிஸ்ட்ரிக்டுக்கு இடம் திறக்கும். திறந்த உடனே அதை வரைபடத்தில் வைத்துவிடுங்கள், கட்டுவது பிறகு இருக்கட்டும். வைத்த டர்னிலேயே அதன் செலவு உறைந்துவிடும். தள்ளிப்போட்டால் நீங்கள் கற்கும் டெக்னாலஜியோடு சேர்ந்து செலவும் ஏறிக்கொண்டே போகும். இதைப் பலர் கவனிப்பதில்லை, எம்பெரர் நிலையில் இது பெரிய வித்தியாசம். பிறகு உற்பத்தி வரிசையில் ஐந்தாறு வேலைகளை அடுக்கிவிட்டால் அந்த நகரம் பல டர்னுக்கு உங்களைக் கூப்பிடாது.

இன்னொன்று, எந்த வெற்றி என்பதை நூறாவது டர்னுக்கு முன்பே முடிவு செய்யுங்கள். அறிவியல் என்றால் எல்லா நகரத்திலும் கேம்பஸ். கண்ணில் படும் உலக அதிசயத்தையெல்லாம் கட்ட வேண்டாம். இலக்கு தெரிந்தால் பாதி முடிவுகள் தானாக விழுந்துவிடும்.

பாதிவழி:
150-ல் விடுவதில் என்ன தவறு? இந்த ஆட்டத்தின் சிறந்த பகுதி தொடக்கம்தான், அதை மட்டும் திரும்பத் திரும்ப ஆடுவதும் ஆட்டம்தான். முடிவும் வேண்டும் என்றால் 'ஆன்லைன்' என்ற வேகமான அமைப்பில் ஆடிப் பாருங்கள். ஸ்டாண்டர்டில் 500 டர்ன், அதில் 250. கூடவே சிறிய வரைபடம்.

மலையடி:
ஆன்லைன் வேகம் அமைதியாக ஆடுபவர்களுக்குச் சரி. போர் பிடித்தவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன். ஆராய்ச்சியும் உற்பத்தியும் வேகமாகின்றன, படை நடக்கும் வேகம் மட்டும் அப்படியே இருக்கிறது. வாள்வீரர்கள் எதிரி நகரத்தைப் போய்ச் சேர்வதற்குள் அவர்கள் காலாவதியாகிவிடுவார்கள்.

ஏரிக்கரை:
நடு ஆட்டத்தில் யுரேகாக்களை, அதாவது குறிப்பிட்ட ஒரு செயலைச் செய்தால் ஒரு ஆராய்ச்சிக்குக் கிடைக்கும் ஊக்கத்தை, துரத்திப் பாருங்கள். ஒவ்வொன்றும் அந்த ஆராய்ச்சியில் 40 சதவீதத்தைக் கையில் கொடுக்கிறது (முதலில் 50 இருந்தது, ரைஸ் அண்ட் ஃபால் என்ற விரிவாக்கம் வந்தபோது குறைத்தார்கள்). தொடக்கத்தில் கவண்வீரனால் ஒரு எதிரியைக் கொன்று வில்வித்தைக்கு யுரேகா வாங்குகிறோம் அல்லவா, அந்த ருசி பிறகும் இருக்கிறது. எஜுகேஷனுக்கு ஒரு பெரும் விஞ்ஞானி கிடைக்க வேண்டும், இண்டஸ்ட்ரியலைசேஷனுக்கு மூன்று வொர்க்‌ஷாப். அடுத்த நான்கைந்துக்கு என்ன தேவை என்று பார்த்துவிட்டு நகரங்களுக்கு வேலை கொடுத்தால், வெறுமனே ஒதுக்குகிற உணர்வு வராது.

கோட்டைவாசல்:
செலவு உறையும் விஷயம் எனக்குப் புதிது, நன்றி. ஒரு சந்தேகம்: வைத்த டிஸ்ட்ரிக்டைக் கட்டாமல் விட்டால் அந்தக் கட்டத்தில் இருக்கும் காடு என்ன ஆகும்?

மலையடி:
வைத்ததுமே காடு போய்விடும், அதற்கு உற்பத்தியும் கிடைக்காது. அதனால் முதலில் பில்டரை அனுப்பி வெட்டி உற்பத்தியை எடுத்துக்கொள்ளுங்கள், அப்புறம் வையுங்கள்.