மறு: ‘குதிரைப்படைத் தளபதி’ சரியா?

அனைவருக்கும் வணக்கம்.

முதல் உலகப்போரில் போரிட்ட ரஷ்ய ஜெனரல் புருசீலவ் பற்றிய நம் மொழிபெயர்ப்புக் கட்டுரையில் ‘1912இல் குதிரைப்படைத் தளபதியானார்’ என்று இருக்கிறது. இதை மாற்றியே ஆக வேண்டும். தளபதி என்பது பொறுப்பு, படையை நடத்துபவர். 1912இல் அவருக்குக் கிடைத்தது பதவித்தரம். லெப்டினன்ட் ஜெனரலுக்கு அடுத்த படி, அதற்கு மேலே ஃபீல்டு மார்ஷல் மட்டும்தான்.

அவர் குதிரைகளோடு வளர்ந்தவர் என்பது உண்மை. 1853இல் டிஃப்லிஸில் (இன்றைய ஜார்ஜியாவின் திபிலீசி) பிறந்தார், ட்வேர் டிரகூன் என்ற குதிரைப்படை ரெஜிமென்டில் சேர்ந்தார், பீட்டர்ஸ்பர்க்கில் குதிரைப்படை அதிகாரிகள் பள்ளிக்கே தலைவரானார். ஆனால் 1914இல் அவர் கையில் இருந்தது 8ஆம் ராணுவம். 1916 கோடையில் நான்கு ராணுவங்கள், பெரும்பாலும் காலாட்கள். லூட்ஸ்க் நகரைப் பிடித்த அந்தத் தாக்குதலுக்கு முன்பு அவர் வீரர்களிடம் வாங்கிய வேலை மண்வெட்டி வேலை. ஆஸ்திரியர்களின் முள்கம்பி வேலியை நெருங்கும்வரை பதுங்குகுழிகளை வெட்டிக்கொண்டே முன்னேறினார்கள். இவரைக் ‘குதிரைப்படைத் தளபதி’ என்றால், வாளை உருவிக்கொண்டு குதிரையில் பாய்கிற ஆள்தான் வாசகர் கண்ணில் தெரிவார்.

ரஷ்ய மொழியில் இந்தத் தரம் ‘கெனரால் ஒத் கவலேரீ’. ‘ஒத்’ என்றால் ‘இருந்து’. எந்தப் பிரிவிலிருந்து வந்தவர் என்பதைத்தான் அது சொல்கிறது, எதை நடத்துகிறார் என்பதை அல்ல. இதற்கு நம்மிடம் அருமையான சொல் இருக்கிறதே! தாய்வழிப் பாட்டன், தந்தைவழிச் சொத்து என்கிறோம். அதேபோல ‘குதிரைப்படைவழி ஜெனரல்’ என்று வைக்கலாம். காலாட்படைவழி, பீரங்கிப்படைவழி என்று மற்றவற்றுக்கும் பொருந்தும். ‘புரவிப்படைப் பெருந்தலைவர்’ என்று முன்பு வந்த பரிந்துரை காதுக்கு இனிமைதான், ஆனால் தலைவர் என்றதும் மறுபடி பொறுப்புக்கே போய்விடுகிறோம்.

அப்புறம், அதே கட்டுரையில் வரும் ‘தென்மேற்கு முனை’. போர்முனை ஓர் இடம். இங்கே அது அந்த நான்கு ராணுவங்களையும் சேர்த்த அமைப்பின் பெயர். தானை என்றால் படை; ‘முனைத்தானை’ என்றால் குழப்பம் தீரும். ‘1916இல் தென்மேற்கு முனைத்தானையின் தளபதியானார்’ என்று எழுதினால், தளபதி என்ற சொல்லும் சரியான இடத்தில் உட்காரும்.

1915இல் அவர் பெற்ற ‘ஜெனரல் அட்ஜுடன்ட்’ பட்டத்துக்குத்தான் இன்னும் தமிழ்ச்சொல் அமையவில்லை. அது ஜார் தன் பரிவாரத்தில் சேர்த்துத் தந்த மரியாதை, அலுவலக வேலை இல்லை. தமிழ் வேந்தர்கள் படைத்தலைவருக்கு மோதிரம் அணிவித்துத் தந்த ‘ஏனாதி’ப் பட்டம் நினைவுக்கு வருகிறது. ‘அரச ஏனாதி’ என்று வைக்கலாமா? கல்வெட்டு படித்தவர்கள் சொல்லுங்கள்.