புதுப்பிப்பு: மேரி கியூரி போஸ்ட்டாக் விண்ணப்பம், நடந்தது இதுதான்

போன வருடம் இங்கே இரண்டு கேள்வி கேட்டிருந்தேன்: வைவா (பிஎச்டி ஆய்வேட்டின் வாய்மொழித் தேர்வு) முடிந்து பட்டம் இன்னும் கைக்கு வராத நிலையில் ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி போஸ்ட்டாக் ஃபெல்லோஷிப்புக்கு (பிஎச்டி முடித்தவர்கள் ஆய்வு செய்யத் தரும் நிதி) விண்ணப்பிக்கலாமா, என்னை ஏற்றுக்கொள்ளச் சொல்லி லேப்களுக்கு அனுப்பும் மெயிலுக்குப் பதில் வர என்ன செய்வது. உதவிய எல்லாருக்கும் நன்றி.

முதல் கேள்விக்கு: விண்ணப்பிக்கலாம். கடைசித் தேதிக்குள் வைவா வெற்றிகரமாக முடிந்திருந்தால் போதும், பட்டமளிப்பு வரை காத்திருக்க வேண்டாம்.

மெயில் விஷயத்தில், "பயோடேட்டாவைக் குறை, ஒரு பக்க ஆய்வு யோசனையை வை" என்று ஒருவர் சொன்னதுதான் பலித்தது. அதுவரை நாற்பது மெயிலுக்கு ஒரு பதில்கூட இல்லை. அப்புறம் அனுப்பிய ஆறில் இரண்டு பேர் பேசினார்கள். செப்டம்பர் கெடுவுக்கு மே மாதமே எழுதியதும் உதவியது.

எதிர்பாராதது இடப்பெயர்வு விதி. கெடுத்தேதிக்கு முந்தைய 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல் ஒரு நாட்டில் இருந்திருந்தால், அந்த நாட்டு நிறுவனத்துக்கு விண்ணப்பிக்க முடியாது. பிஎச்டி நடுவே ஜெர்மனியில் 14 மாதம் இருந்தவன் நான். ஆசைப்பட்ட லேப்பும் அங்கேதான்! கடைசியில் டென்மார்க்குக்கு மாற்றினேன்.

முடிவு: நூற்றுக்கு 91 மதிப்பெண், ஆனால் நிதி இல்லை. 85-ஐத் தொட்டால் தரும் 'சீல் ஆஃப் எக்ஸலன்ஸ்' சான்றிதழ் மட்டும் வந்தது. வெறும் காகிதம் என்று நினைத்தேன். அதைப் பார்த்துவிட்டு டென்மார்க் லேப்பின் பேராசிரியரே தன் ஆய்வு நிதியிலிருந்து இரண்டு வருட வேலை கொடுத்துவிட்டார். அடுத்த மாதம் கிளம்புகிறேன்.