ஸ்பிரிங்கும் ஆயிலும் மாற்றிய பிறகு முன் ஃபோர்க் விறைத்துவிட்டது, என்ன செய்யலாம்?

கேள்வி (கானாடுகாத்தான்)

வணக்கம். என்னுடையது 41 மி.மீ. ஃபோர்க் (முன்சக்கரத்தைத் தாங்கும் இரட்டைக் குழாய்) கொண்ட டூரிங் பைக், முன்பக்க அசைவு 200 மி.மீ. பின்னால் மனைவி, இருபுறமும் பெட்டி என்று கிளம்பினால், பிரேக் பிடிக்கும்போதெல்லாம் முன்பக்கம் அப்படியே கவிழும். அதனால் பட்டறையில் கொடுத்து புரோகிரசிவ் ஸ்பிரிங்கும் (அமுங்க அமுங்க விறைக்கும் ஸ்பிரிங்) 15 டபிள்யூ ஆயிலும் (எண் கூடினால் ஆயில் கெட்டி) போட்டேன். கவிழ்வது நின்றது. ஆனால் இப்போது திருமயம் சாலையில் பாலத்து இணைப்பு ஒவ்வொன்றும் மணிக்கட்டில் அடிக்கிறது. ஸ்பீட் பிரேக்கரில் முன்பக்கம் அமுங்கவே மறுக்கிறது. "கையேட்டில் சொன்ன அளவுதான் ஆயில் ஊற்றினோம்" என்கிறார்கள். அடுத்து ராமேஸ்வரம் போக வேண்டும். பழைய ஸ்பிரிங்கையே திரும்பப் போட்டுவிடவா?

பதில் (காரைக்குடி)

முதலில் டயர் காற்றைப் பாருங்கள். சுமைக்காகக் கூடுதலாக அடித்துவிட்டு, தனியாக ஓட்டும்போது குறைக்காமல் விட்டாலும் இப்படித்தான் அடிக்கும்.

பதில் (தேவகோட்டை)

தம்பி, ஸ்பிரிங்கைக் கழற்ற அவசரப்படாதீர்கள். செலவில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. முன்சக்கர அச்சைக் கவ்வும் கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்துங்கள். பைக்கை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, முன் பிரேக்கைப் பிடித்தபடி ஹேண்டிலை நாலைந்து முறை நன்றாக அமுக்கி விடுங்கள். பிறகு இறுக்குங்கள். சக்கரத்தை மாட்டியதும் அமுக்காமல் அப்படியே இறுக்கிவிட்டால் ஃபோர்க்கின் இரண்டு கால்களும் ஒன்றையொன்று இழுத்து நிற்கும், குழாய் உரசும். புத்தம்புது ஸ்பிரிங்கும் அப்போது செத்ததுபோலத்தான் இருக்கும்.

அடுத்து, உள்குழாயில் ஒரு கேபிள் டை கட்டி, ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் சீல் வரை இறக்கி வைத்து ஓட்டிப் பாருங்கள். பலமாக பிரேக் பிடித்த பிறகும் அது பாதி வழியிலேயே நின்றால் ஆயில் மட்டம் அதிகம் என்று சந்தேகிக்கலாம். ஃபோர்க்கில் ஆயிலுக்கு மேலே உள்ள காற்றும் ஒரு ஸ்பிரிங்தான். இடம் குறுகக் குறுக அது கல்லாகிவிடும்.

மி.லி. கணக்கை மட்டும் நம்பக் கூடாது. உள்விட்டம் 37 மி.மீ. என்று வையுங்கள். வடியாமல் தங்கிய பழைய ஆயில் 20 மி.லி. இருந்தாலே மட்டம் ஏறக்குறைய 2 செ.மீ. உயர்ந்துவிடும். ஸ்பிரிங்கை வெளியே எடுத்து, ஃபோர்க் காலை முழுக்க அமுக்கி, நிமிர்த்தி வைத்து, குழாயின் வாயிலிருந்து ஆயில் வரை அளக்க வேண்டும். ஸ்பிரிங்குடன் வந்த தாளில் உள்ள அளவுதான் கணக்கு.

கழற்றும்போது குழாயைக் கவ்வும் மேல் கிளாம்பைத் தளர்த்திய பிறகே மூடியைத் திருகுங்கள். முன்சக்கரம் தரையில் படாமல் இருக்கட்டும். கடைசி மரையில் ஸ்பிரிங் மூடியை எறியும், முகத்தை மேலே கொண்டுபோகாதீர்கள்.

பதில் (சிவகங்கை)

இரண்டு பேரும் பெட்டிகளும் என்றால் கெட்டி ஆயில் வேண்டாமா? 15 டபிள்யூ சரிதான் என்பது என் கருத்து.

பதில் (தேவகோட்டை)

இல்லை ஐயா. எடையைத் தாங்குவது ஸ்பிரிங். ஆயில் அசைவின் வேகத்தை மட்டுமே கட்டுப்படுத்தும். சாதாரண ஃபோர்க்கில் ஆயில் நிலையான துளை வழியே போகிறது. அசைவின் வேகம் இரட்டித்தால் தடை ஏறக்குறைய நான்கு மடங்காகும். பாலத்து இணைப்பு போன்ற கூர்மையான அடியில் கெட்டி ஆயிலுக்கு வழிவிட நேரமே இல்லை. 10 டபிள்யூ போதும். அதிலும் ஒரே எண் போட்ட இரண்டு கம்பெனி ஆயில் ஒரே கெட்டியாக இருக்காது. ஒன்றிலேயே நில்லுங்கள்.

ஸ்பிரிங்குக்கு மேலுள்ள ஸ்பேசரின் (இடைவெளியை நிரப்பும் குழாய்த் துண்டு) நீளத்தையும் பாருங்கள். புது ஸ்பிரிங் நீளமாக இருந்து பழைய ஸ்பேசரையே வைத்திருந்தால் முன்னழுத்தம் (சுமை ஏறும் முன்பே ஸ்பிரிங் அமுங்கி நிற்பது) கூடிவிடும். நீங்கள் ஏறி உட்கார்ந்ததும் 200 மி.மீ.யில் 50 முதல் 65 மி.மீ. வரை இறங்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்

அண்ணே, அச்சைத் தளர்த்தி அமுக்கியதுமே பாதி விறைப்பு போய்விட்டது. கேபிள் டை மட்டும் நடுவிலேயே நின்றது. கழற்றி அளந்தால் வலக்காலில் 95 மி.மீ., இடக்காலில் 110. தாளில் இருப்பதோ 130! அதாவது இரண்டிலும் ஆயில் அதிகம். ஸ்பேசர் சரியாகத்தான் இருந்தது. பழைய ஆயிலை முழுக்க வடித்து 10 டபிள்யூ ஊற்றினேன். சிரிஞ்சில் மெல்லிய குழாயைச் செருகி, 130-இல் அடையாளம் கட்டி, கூடுதலை உறிஞ்சி எடுத்தேன். இப்போது பாலம் கடப்பது கைக்குத் தெரியவில்லை, பிரேக்கிலும் கவிழவில்லை. மிக்க நன்றி. இடக்காலில் மட்டும் சீலுக்கு மேலே ஆயில் ஈரம் மெல்லிய வளையமாகத் தெரிகிறது. சீல் போய்விட்டதா?

பதில் (தேவகோட்டை)

நம் ஊர்ச் செம்மண் புழுதி சீலின் உதட்டில் சிக்கியிருக்கலாம். தூசி மூடியை மேலே தூக்கி, துடைத்து, பழைய ஃபோட்டோ ஃபிலிம் துண்டை உதட்டுக்குள் விட்டுச் சுற்றி எடுங்கள். குழாயில் நகம் தட்டும் கீறல் இருக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள். இரண்டு நாள் ஓட்டியும் ஈரம் திரும்பினால் இரு சீல்களையும் சேர்த்தே மாற்றுங்கள். ஆயில் பிரேக் டிஸ்க்குக்கு இறங்க விடாதீர்கள். ராமேஸ்வரம் அதற்குப் பிறகுதான்.