எட்டு வயசுப் பையனுக்கு முதல் துப்பாக்கி: எது வாங்கலாம், வாங்கத்தான் வேணுமா?

கேட்டிவாசி:
ஹூஸ்டன் பக்கம் கேட்டியில இருக்கோம். மூத்தவனுக்கு 8 வயசு, மூணாம் கிளாஸ். அவன் கூட்டாளிங்க ரெண்டு பேர் அப்பாவோட மான் வேட்டைக்குப் போறாங்க. இவனும் தினம் நச்சரிக்கிறான். பக்கத்து வீட்டுக்காரர் ‘கிரிக்கெட்’னு சின்னப் பசங்களுக்கான .22 ரைஃபிள் (சின்னத் தோட்டா போடறது) வாங்கிக் கொடுங்கன்னு சொல்றார். நான் ஊர்ல தீபாவளித் துப்பாக்கியைத் தவிர எதையும் தொட்டதில்லை. வீட்ல அவங்க வேண்டவே வேண்டாம்னு நிக்கிறாங்க. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

சாம் டெக்சாஸ்:
பக்கத்து வீட்டுக்காரர் சரியாத்தான் சொல்லியிருக்கார். கிரிக்கெட் ரைஃபிளைச் செய்யறது பென்சில்வேனியாவுல இருக்கிற கீஸ்டோன் கம்பெனி. ஒரு நேரத்துல ஒரு தோட்டாதான் போடலாம். போல்ட்டை, அதாவது தோட்டாவை உள்ள தள்ளி மூடற தண்டை, மூடினா மட்டும் சுடாது, பின்னாடி இருக்கிற குமிழைத் தனியா இழுத்து விடணும். சின்னக் கைக்கு அது கொஞ்சம் கஷ்டம், அந்தக் கஷ்டம் இருக்கறதே நல்லது. இதே மாதிரி இன்னொரு சின்னப் பசங்க ரைஃபிளான சாவேஜ் ராஸ்கல்ல போல்ட்டைத் தூக்கும்போதே விசை ஏறிடும். சுட சுகமா இருக்கும், ஆனா எட்டு வயசுக்கு நான் கிரிக்கெட்டைத்தான் சொல்வேன். ரெண்டுமே மூணு பவுண்டு சுமார்தான்.

முக்கியமானது தோள்ல சாத்தற கட்டையோட நீளம். தோள்லேர்ந்து ட்ரிகர் வரைக்கும் பதினோரு இன்ச் சொச்சம் இருக்கணும். பெரியவங்க துப்பாக்கியைக் கொடுத்தா பையன் உடம்பைப் பின்னாடி வளைச்சு நிப்பான், குழல் எங்க பார்க்குதுன்னு அவனுக்கே தெரியாது. ரூகர் 10/22 ரைஃபிள் இப்ப வேண்டாம். மேகசின்ல (தோட்டா அடைக்கிற பெட்டி) 10 தோட்டா, ஒண்ணு சுட்டதும் அடுத்தது தானா ஏறிடும். சின்னச் சின்னக் குண்டாச் சிதறிப் போற .410 ஷாட்கன்னும் வேண்டாம். எடை குறைச்சலா இருக்கறதால தோள்ல நல்லா இடிக்கும், ரெண்டாவது தடவை பையன் கண்ணை மூடிக்கிட்டுதான் சுடுவான்.

வித்யா நர்ஸ்:
சாம் சார், ஒரு தோட்டாதான்னு சொல்றீங்க. 2013 ஏப்ரல்ல கென்டக்கியில பர்க்ஸ்வில் ஊர்ல நடந்தது இதே கிரிக்கெட் ரைஃபிளாலதான். 5 வயசுப் பையனுக்குப் பரிசா வந்தது. வீட்டு மூலையில சாத்தி வச்சிருந்தாங்க, உள்ள ஒரு தோட்டா இருந்தது யாருக்கும் தெரியல. அவனோட 2 வயசுத் தங்கச்சி செத்துப் போச்சு. அந்த ஒண்ணு போதுமே.

நான் குழந்தைகள் எமர்ஜென்சியில வேலை பார்க்கிறேன். 2020லேர்ந்து இந்த நாட்டுல 1 முதல் 19 வயசு வரைக்கும் உள்ளவங்க சாவுக்கு முதல் காரணம் துப்பாக்கி. கார் விபத்து ரெண்டாவது ஆயிடுச்சு. துப்பாக்கி இல்லாத வீடுதான் பிள்ளைக்குப் பத்திரம்னு அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமே சொல்லுது. கேட்டிவாசி அண்ணா, அண்ணி சொல்றதைக் கேளுங்க.

சாம் டெக்சாஸ்:
அந்தக் கணக்குல 18, 19 வயசுக்காரங்களும் இருக்காங்கம்மா. பெரும்பாலும் கொலை, தற்கொலை, அதுலயும் கைத்துப்பாக்கி. அப்பா பக்கத்துல நின்னு ரேஞ்சுல (சுட்டுப் பழகற இடம்) .22 சுடற பிள்ளையை அதுல சேர்க்காதீங்க. பர்க்ஸ்வில்ல நடந்தது பூட்டி வைக்காததால. சேஃப்ல வச்சு, தோட்டாவை வேற இடத்துல வச்சு, சாவி என் இடுப்புல இருந்தா எப்படி நடக்கும்? ஒளிச்சு வச்சாதான் பையனுக்கு ஆர்வம் கூடும். கத்துக் கொடுத்துட்டா அவனே பெரியவங்களைக் கூப்பிடுவான்.

வித்யா நர்ஸ்:
கத்துக் கொடுத்தா தொடமாட்டான்னு எல்லா அப்பாவும் நம்பறாங்க. அட்லாண்டாவுல 8 முதல் 12 வயசுப் பையன்களை ஒரு ரூம்ல விட்டு, டிராயர்ல நிஜக் கைத்துப்பாக்கியை ஒளிச்சு வச்சுப் பார்த்தாங்க. தோட்டா இல்லாதது. 2001ல முடிவு வெளியாச்சு. கண்டுபிடிச்ச பையன்கள்ல பல பேர் கையில எடுத்தாங்க, சில பேர் ட்ரிகரையே இழுத்தாங்க. எடுத்தவங்கள்ல பெரும்பாலானவங்க துப்பாக்கிப் பாதுகாப்புப் பாடம் ஏற்கெனவே கேட்டவங்க. பாடம் வேணும்தான், ஆனா அதை நம்பி வீட்ல துப்பாக்கி வைக்க முடியாது.

தணிகை கோச்:
ஃபோர் எச்னு (4-H) சொல்ற சிறுவர் சங்கத்துல பிள்ளைகளுக்குச் சுடக் கத்துக் கொடுக்கிறேன். ரெண்டு பேருக்கும் நடுவுல ஒண்ணு சொல்றேன். எட்டு வயசுப் பையனுக்கு முதல் துப்பாக்கி டெய்சி 499. வெடிமருந்து இல்லாம காத்தழுத்தத்துல சுடறது. சின்ன இரும்பு உருண்டையை ஒவ்வொண்ணா குழல் வாய் வழியாப் போடணும். ஒண்ணு சுட்டா அடுத்ததைப் போடாம எதுவும் வராது. எல்லாரும் வாங்கற இன்னொரு காத்துத் துப்பாக்கி ரெட் ரைடர்ல 650 உருண்டை பிடிக்கும், காலியா இருக்கான்னு வெளியிலேர்ந்து தெரியாது. அதோட பெட்டியிலயே 10 வயசுக்கு மேலன்னு போட்டிருக்கு.

ஆனா 499ஐயும் வாங்காதீங்க. சங்கத்துலயே இருக்கு. சனிக்கிழமை வந்து 5 மீட்டர்ல சுட்டுட்டு வெறுங்கையோட வீட்டுக்குப் போகலாம். கண் பாதுகாப்புக் கண்ணாடி போடாதவனைச் சுடற கோட்டுக்கிட்டயே விடமாட்டோம், இரும்பு உருண்டை கெட்டியான இடத்துல பட்டா திரும்பி வரும். ஆர்கன்சாஸ் ராஜர்ஸ்ல வருஷாவருஷம் நடக்கிற தேசியப் போட்டியில படுத்து, உட்கார்ந்து, மண்டியிட்டு, நின்னு சுடறதோட எழுத்துப் பரீட்சையும் உண்டு. பரீட்சை மார்க்கும் மொத்தத்துல சேரும். எனக்கு அந்தப் போட்டியில ரொம்பப் பிடிச்சது அதுதான்.

சாம் டெக்சாஸ்:
காத்துத் துப்பாக்கியில ஆரம்பிச்ச பையன் அதை விளையாட்டுச் சாமானா நினைச்சுடுவான், தணிகை. சத்தமும் உதைப்பும் இருந்தாதான் பயபக்தி வரும்.

தணிகை கோச்:
பயம் வந்தா கண்ணை மூடுவான்னு நீங்கதான் சொன்னீங்க சார். .22 தோட்டாப் பெட்டியில ஒண்ணரை மைல் போகும்னு எச்சரிக்கை போட்டிருக்கு. கேட்டியில அவ்வளவு தூரத்துக்குள்ள எத்தனை வீடு, எத்தனை ஸ்கூல்? 2014ல அரிசோனா ரேஞ்சுல 9 வயசுப் பொண்ணு கையில ‘உஸி’ங்கற (Uzi) சப்மெஷின் கன்னை, அதாவது தொடர்ந்து படபடன்னு சுடற துப்பாக்கியைக் கொடுத்தாங்க. உதைப்புல குழல் மேல எழும்பி, பக்கத்துல நின்ன பயிற்சியாளரே செத்துப் போனார். தெரிஞ்ச பெரியவர் பக்கத்துல இருந்தும் அது நடந்தது.

கேட்டிவாசி:
ரெண்டு விஷயம். சட்டம் என்ன சொல்லுது? எங்க பதிவு பண்ணணும்?

தணிகை கோச்:
18க்குக் கீழ இருக்கறவங்களுக்குக் கடைக்காரர் ரைஃபிள் விக்கக்கூடாது. அப்பா வாங்கிக் கொடுக்கலாம். டெக்சாஸ்ல 17 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளை கைக்கு எட்டுற மாதிரி தோட்டா போட்ட துப்பாக்கியை அலட்சியமா வச்சு, அது பிள்ளை கையில சிக்கினா உங்க மேல கேஸ். ஃபோர் எச் பதிவுக்கு உங்க கவுண்டி (மாவட்டம் மாதிரி) எக்ஸ்டென்ஷன் ஆபீஸ். கேட்டி மூணு கவுண்டியில விரிஞ்சு கிடக்கு, உங்க வீடு எதுலன்னு பார்த்துட்டுப் போங்க. எட்டு வயசு, மூணாம் கிளாஸ்னா சேர்த்துக்குவாங்க.

வித்யா நர்ஸ்:
அண்ணா, பையன் பக்கத்து வீட்டுக்கு விளையாடப் போறான்ல? அவங்க துப்பாக்கியைப் பூட்டி வச்சிருக்காங்களான்னு கேட்டீங்களா? நீச்சல் குளத்துக்கு வேலி இருக்கான்னு கேக்கிறோம்ல, அப்படித்தான்.

கேட்டிவாசி:
ரைஃபிள் இப்ப வாங்கல. சனிக்கிழமை கிளப்புக்குக் கூட்டிட்டுப் போறேன், அதுக்கு வீட்லயும் சம்மதம். பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட இன்னைக்குச் சாயங்காலமே கேட்டுடறேன்.

சாம் டெக்சாஸ்:
தாராளமாக் கேளுங்க. என்னைக் கேட்டிருந்தா சேஃபையே திறந்து காட்டியிருப்பேன். பையனுக்கு 10 வயசானதும் கிரிக்கெட் பேச்சை நான் மறுபடியும் எடுப்பேன்.