கலிஃபோர்னியால ரெண்டு வருஷ பயாலஜி முடிச்சா யூனிவர்சிட்டில நேரா மூணாவது வருஷமா?

தண்டையார்பேட்டை_அண்ணன்:
தங்கச்சி அங்க சித்தப்பா வீட்ல தங்கி கம்யூனிட்டி காலேஜ்ல (மொத ரெண்டு வருஷம் மட்டும் படிச்சுட்டு யூனிவர்சிட்டிக்கு மாறிக்கற காலேஜ்) பயாலஜி படிக்கறா, எஃப்-1னு ஸ்டூடண்ட் விசா. மொத செமஸ்டர் முடிஞ்சுது, இங்கிலீஷ், சைக்காலஜி, ஹிஸ்டரி, ஒரு பயாலஜி. கெமிஸ்ட்ரிக்கு பயந்து அத மட்டும் தொடல. காசிமேட்டுல நண்டு வகையெல்லாம் பேர் சொல்ற பொண்ணு, கெமிஸ்ட்ரின்னா ஓடும். அப்பா கேக்கறது ரெண்டுதான், ரெண்டும் ரெண்டும் நாலு வருஷத்துல பட்டம் வந்துடுமா, காலேஜ் மாறும்போது விசாவுக்கு மறுபடி ஜெமினி மேம்பாலம் பக்கம் அமெரிக்க கான்சுலேட்ல போய் க்யூல நிக்கணுமா?

பெரம்பூர்_லோகோ:
ப்ரோ அதே ரூட்ல போனவன் நான். யூசிக்கு, அதான் யூனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியாவுக்கு, மாத்தக்கூடிய 60 செமஸ்டர் யூனிட் (கிரெடிட் மாதிரி) இருந்தா மூணாவது வருஷம்தான், ஆனா யூனிட் கணக்க பாத்து ஏமாந்துடாதீங்க. ஜெனரல் கெமிஸ்ட்ரி ரெண்டு செமஸ்டர், அத முடிச்சாதான் ஆர்கானிக் கெமிஸ்ட்ரி, அதுவும் ரெண்டு, ஒண்ணு பின்னாடி ஒண்ணு ரயில் பெட்டி மாதிரி. பயாலஜிக்கு பல கேம்பஸ்ல ஆர்கானிக்கும் கேக்கறாங்க. நானும் மொத செமஸ்டர் ஜாலியா விட்டேன், ரெண்டு வருஷம் ரெண்டரை ஆச்சு, அந்த அர வருஷ ஃபீஸுக்கு அம்மா வளையல் போச்சு. இப்பவே ஜெனரல் கெமிஸ்ட்ரி ஒண்ணு, சம்மர்ல அதோட ரெண்டாவது, அடுத்த வருஷம் ஆர்கானிக் ரெண்டும்னு போட்டா தப்பிச்சுடுவா. எந்த பாடம் எங்க செல்லும்னு அசிஸ்ட் டாட் ஆர்க்ல காலேஜ் பேர் போட்டா வந்துடும், கவுன்சிலர் சொல்றத மட்டும் நம்பாம அதையும் பாக்க சொல்லுங்க.

ராயபுரம்_அக்கா:
தம்பி, டேக்னு (TAG) ஒண்ணு இருக்கு, காலேஜ் மாறி வர்றவங்களுக்கு யூசில சீட் கேரண்டி மாதிரி. டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைட், சான்டா பார்பரா, சான்டா க்ரூஸ், இந்த ஆறு யூசி கேம்பஸ்ல ஒண்ணுக்கு மட்டும் போடலாம். பெர்க்லி, யூசிஎல்ஏ, சான் டியாகோ அதுல கிடையாது. சேர்றதுக்கு முந்தின வருஷம் செப்டம்பர்லயே போடணும், எல்லா மேஜருக்கும் வராது, மார்க்கும் பாப்பாங்க.
அப்பாகிட்ட ஒண்ணு சொல்லிடு, சித்தப்பா வீட்ல இருக்கறதால உள்ளூர் ஃபீஸ்னு நெனச்சுக்க போறாரு, எஃப்-1க்கு அங்கயும் வெளியாள் ஃபீஸ்தான். கடைசி ரெண்டு வருஷம்தான் கைய கடிக்கும்.

பெரம்பூர்_லோகோ:
க்யூ மேட்டர விட்டுட்டேன். பழைய காலேஜ் அவளோட ஸ்டூடண்ட் விசா ரெக்கார்ட மாத்தி விடும், புது காலேஜ் புது ஐ-20 (விசாவுக்கு காலேஜ் தர்ற ஃபார்ம்) தரும். விசா ஸ்டாம்ப் தேதி இருந்தா காலேஜ் மாறுனதுக்காக மட்டும் இன்னொரு தபா நிக்க வேணாம்.

தண்டையார்பேட்டை_அண்ணன்:
ரொம்ப தேங்க்ஸ். இப்பதான் கால் பண்ணேன், கெமிஸ்ட்ரி கிளாஸ் ஃபுல்லாம், வெயிட்லிஸ்ட்ல ஏழாவதா நிக்கறா. ஃபுல்லுன்னு சொல்றப்ப குரல்ல ஒரு சந்தோஷம் வேற.

ராயபுரம்_அக்கா:
மொத நாள் கிளாஸ்ல போய் உக்கார சொல்லு, பாதி பேர் வரமாட்டான்.