புதுப்பிப்பு: புறக்கோட்டை நாட்டாமைமாரின் பேச்சு நாடகமாகிறது

கொழும்பு புறக்கோட்டைச் சந்தையில் மூட்டை சுமக்கும் நாட்டாமைமாரிடம் எடுத்த பேட்டிகளை மேடையேற்றும்போது அவர்களுடைய பேச்சைத் திருத்தலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். "கொஞ்சம் துப்புரவாக்குங்கோ" என்றவர்களே அதிகம். ஆக்கவில்லை.

பிரித்தானிய நாடகாசிரியர் அலெக்கி பிளைத் கையாளும் முறையைத்தான் பிடித்துக்கொண்டோம். நடிகரின் காதில் இயர்ஃபோன். ஒலிப்பதிவு ஓட ஓட, இருமல், இழுவை, "அது வந்து" எல்லாவற்றையும் சேர்த்து அப்படியே சொல்லவேண்டும். வசனத்தைப் பாடமாக்கிப் பழகியவர்களுக்குச் சரியான தலையிடி! ஆனால் கேளுங்கள்: நான்காம் குறுக்குத் தெருவில் ஓர் ஐயா வெங்காய மூட்டை இறக்கிக்கொண்டே பேசுகிறார். நடுவில் "வழி, வழி!" என்று கத்துகிறார். பிறகு மூச்சு வாங்கியபடி, விட்ட இடத்திலிருந்து மகளின் ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) கதையைத் தொடர்கிறார். இதை உட்கார்ந்து எழுத எனக்கு வராது.

ஒத்திகைக்கு நாட்டாமைமாரையே கூப்பிட்டோம். ஒருவர் முதலாளி பற்றிய பகுதியை நீக்கச் சொன்னார். நாடகத்திலேயே சூடான இடம் அதுதான். நீக்கிவிட்டோம், மறுநாள் அதே கடைக்குப் போகவேண்டியவர் அவர்தானே. பெயர், கடை எல்லாம் மாற்றியாச்சு.

காட்சி போயா (பௌர்ணமி விடுமுறை) நாளில். மற்ற நாட்களில் மூட்டையை விட்டுவிட்டு அவர்களால் வரமுடியாது.