கிறவல் போட்டால் பொசுபரசு போகுமா? (கல்லடி விடுதிக் கழிவுநீர்)

கல்லடியான்:
எட்டு அறை விடுதி. செப்டிக் டாங்கியிலிருந்து வரும் நீரைச் சல்லிக்கல் படுகையில் விட்டு, மேலே பன் (சதுப்பில் வளரும் புல்) நட்டு இரண்டு வருடமாகிறது. வெளியே வரும் நீர் தெளிவாகத்தான் இருக்கிறது, நாற்றமும் இல்லை. ஆனால் அது போய் விழும் குட்டை பச்சைப் பசேலென்று பாசி பிடித்துக் கிடக்கிறது. அதற்கு அப்பால் மட்டக்களப்பு வாவி. கழிவுநீரில் வரும் பொசுபரசுதான் பாசிக்கு உரமாம். அதைப் பிடிக்கக் கல்லை அள்ளிவிட்டுக் கிறவல் (ரோட்டுக்குப் போடும் சிவப்புச் சரளை) நிரப்பச் சொல்கிறார் ஒரு மேசன். பயன் இருக்குமா?

சம்மாந்துறை நானா:
இருக்கும் தம்பி. கருங்கல் சல்லி பொசுபரசைப் பிடிக்காது. வேரும் நுண்ணுயிரும் குந்தியிருக்கத்தான் அது. கிறவலில் இரும்பும் அலுமினியமும் உண்டு, பொசுபேற்று, அதாவது நீரில் கரைந்திருக்கும் பொசுபரசு, அதில் ஒட்டிக்கொள்ளும். கையில் எடுத்துக் கசக்கினால் விரலில் துருச் சிவப்பு ஒட்டுகிறதே, வேலை செய்வது அதுதான்.

உப்புக்காற்று:
எனக்கு அந்தத் துருதான் பயம், நானா. படுகை எப்போதும் நீரில் மூழ்கிக் கிடக்கிறது, உள்ளே ஒட்சிசன் இல்லை. அப்படியான இடத்தில் இரும்பு கரையும் வடிவத்துக்கு மாறி, பிடித்து வைத்த பொசுபேற்றையும் விட்டுவிடும். அதோடு கிறவலில் மாவு அதிகம். ஒரே மாரியில் அடைத்துக்கொண்டு நீர் மேலால் வழியும்.

நீலக்குழாய்:
இறால் பண்ணைக்குப் போடும் சியோலைற்று (நுண்துளையுள்ள கனிமம்) மூட்டை வாங்குங்கள். அமோனியாவை அப்படியே உறிஞ்சும்.

உப்புக்காற்று:
உறிஞ்சும்தான். ஆனால் கல்லடிக் கிணற்றில் உப்பு இருந்தால் சோடியமும் அதே இடத்துக்குப் போட்டி போடும். பொசுபேற்றையோ சியோலைற்று கிட்டத்தட்டத் தொடவே தொடாது. அமோனியாவில் உள்ள நைதரசனைப் போக்கக் கல்லைவிடக் காற்றுத்தான் முக்கியம்: அமோனியா நைத்திரேற்றாக வேண்டும், மறுகா ஒட்சிசன் இல்லாத இடத்தில் நைதரசன் வாயுவாகிப் போக வேண்டும்.

படுவான்கரை:
எல்லாரும் எட்டு அறையைப் பிடித்துத் தொங்குகிறீர்கள். மாரி வெள்ளத்தோடு வயல் உரம் எவ்வளவு வாவிக்கு வருகிறது என்று யாராவது பேசுகிறீர்களா? நான் போடும் உரமும் அதில் இருக்கிறது, ஒளிக்கவில்லை. ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நீளமான வாவி இது. இவர் ஒரு பெட்டி கிறவல் போட்டு என்ன ஆகப்போகிறது?

கல்லடியான்:
அண்ணன், வாவியைத் திருத்த நான் வரவில்லை. குட்டை என் வேலிக்குள் இருக்கிறது. காலையில் விருந்தினர் தேத்தண்ணியோடு அதன் கரையில்தான் வந்து நிற்கிறார்கள்.

சம்மாந்துறை நானா:
உப்புக்காற்று டீச்சர் சொன்னதில் பாதியை ஏற்கிறேன். மாவைச் சலித்துக் கழுவிவிட்டு, சுண்டுவிரல் நுனி அளவுக் கட்டியை மட்டும் போட்டால் அடைக்காது. இரும்பு கரைவதற்கும் வழி இருக்கிறது. நீரை மேலிருந்து இடைவெளி விட்டு ஊற்றி, இடையில் படுகையைக் காயவிட்டால் காற்று உள்ளே போகும். கிறவல் அதற்குப் பின்னால் வரட்டும்.

உப்புக்காற்று:
அப்படியென்றால் சரி. ஆனால் அளவையும் கொஞ்சம் பார்ப்போம். ஒரு ஆள் நாளொன்றுக்கு வெளியேற்றும் பொசுபரசு 1.5 முதல் 2 கிராம். பத்துப் பேர் தங்கினால் 20 கிராம் என்று வையுங்கள், வருடத்துக்கு 7.3 கிலோ. ஒரு கிலோ கிறவல் ஒரு கிராம் பிடிக்கும் என்று தாராளமாக வைத்தாலும் வருடத்துக்கு 7.3 தொன் வேண்டும். கிட்டத்தட்ட இரண்டு டிரக்டர் பெட்டி, ஒவ்வொரு வருடமும்! பன்னை அறுத்து எடுத்தால் அதோடும் கொஞ்சம் போகும், ஆனால் 20 சதுர மீற்றரில் கிடைப்பது சில நூறு கிராமுக்கு மேல் வராது. பொசுபேற்று ஒட்டும் இடம் நிறைந்ததும் கிறவல் பிடிப்பதை நிறுத்திவிடும், யாருக்கும் சொல்லாமல்.

நீலக்குழாய்:
மட்டிச் சிப்பி போட்டால்? கரையில் சும்மா கிடக்கிறது.

உப்புக்காற்று:
சுடாத சிப்பி கொஞ்சம்தான் பிடிக்கும். சுட்டால் சுண்ணாம்பு, நன்றாகப் பிடிக்கும், ஆனால் நீர் காரமாகிப் பன் கருகிவிடும்.

படுவான்கரை:
பாருங்கள், கடைசியில் எல்லாம் டிரக்டர் கணக்கில் வந்து நிற்கிறது. நிறைந்த கிறவலை எங்கே கொட்டுவார்?

சம்மாந்துறை நானா:
தென்னைக்கு அடியில். மலக்கழிவு பட்டது என்பதால் சில மாதம் குவித்துக் காயவிட வேண்டும், கீரைப் பாத்திக்கு மட்டும் வேண்டாம். தம்பி, படுகையைக் கிண்டாதே. அதன் கடைசியில் தனியாக ஒரு தொட்டி கட்டு, கிறவல் அதற்குள் இருக்கட்டும். மண்வெட்டியால் அள்ளி மாற்றக்கூடிய மாதிரி மூடி போடு. படுகைக்குள் போட்டால் பன்னையும் வேரையும் பிடுங்கித்தான் மாற்ற வேண்டும், யார் செய்வது?

உப்புக்காற்று:
தொட்டிக்கு நானும் சரி. கட்டுவதற்கு முன் ஒரு நீலப் பீப்பாயில் கிறவல் நிரப்பி, அடியில் பைப் வைத்து, படுகை நீரை விட்டுப் பாருங்கள். கிழமைக்கு ஒரு போத்தல் எடுத்துப் பொசுபேற்று அளக்க வேண்டும். எத்தனையாவது கிழமையில் அளவு ஏறத் தொடங்குகிறதோ, அதை வைத்து மாற்றும் காலத்தைக் கணக்கிடலாம். ஆய்வுகூடத்தில் கலக்கிப் பார்த்து வரும் எண் எப்போதும் ஆசை காட்டும், நம்ப வேண்டாம்.

கல்லடியான்:
பீப்பாய் இருக்கிறது. அரை அங்குலச் சல்லடைதான் இல்லை. படுவான்கரை அண்ணன், உங்கள் பக்கம் ரோட்டுக்குக் கிறவல் அள்ளுகிற இடத்தில் இரண்டு மூட்டை கேட்டுப் பார்ப்பீர்களா?

படுவான்கரை:
கேட்கிறேன். சனிக்கிழமை கல்லடிக்கு வரும் வேலை இருக்கிறது, அப்படியே உங்கள் குட்டையையும் பார்க்கிறேன்.